குப்பை மூட்டை திரும்பி வந்த நாள்லேர்ந்து வெளிய போகவே பிடிக்கல

அக்கா வணக்கம். எனக்கு 27 வயசு, திண்டுக்கல் பக்கம் சொந்த ஊர். நர்சிங் முடிச்சு ரெண்டு வருஷம் நம்ம ஊர் ஆஸ்பத்திரில வேலை பாத்துட்டு, ஜப்பானிய மொழிப் பரீட்சைல என்4 லெவல் பாஸ் பண்ணி, எஸ்எஸ்டபிள்யூங்கற திறன் தொழிலாளர் விசால முதியோர் இல்ல வேலைக்கு வந்து ஒன்றரை வருஷம் ஆச்சு. ஜப்பான்னா டோக்கியோன்னு நினைச்சுட்டு தான் ஃப்ளைட் ஏறினேன், சிரிக்காதீங்க. போட்டது அகிதா மாகாணத்துல யோகோதே பக்கம் ஒரு கிராமம். சுத்தி வயல், மலை, ஒரு நாளைக்கு நாலு பஸ். ஜனவரில ஜன்னல் பாதிக்கு பனி ஏறிடும். இந்த ஊர்ல இந்தியான்னா நான் ஒருத்தி தான்.

வேலை எனக்கு பிடிச்சிருக்கு, அத முதல்ல சொல்லிடறேன். 92 வயசுல ஒரு பாட்டி இருக்காங்க, அவங்க தட்டுல இருக்கற புகை போட்ட முள்ளங்கி ஊறுகாய எடுத்து என் பக்கம் நீட்டி "கே"ன்னுவாங்க. ஒரே எழுத்து. இந்த ஊர் பேச்சுல அதுக்கு சாப்பிடுன்னு அர்த்தமாம், எந்த என்4 புக்லயும் இது கிடையாது. நான் "கு"ன்னு சொல்லணும், சாப்பிடறேன்னு அர்த்தம். சொன்னா அந்த டேபிளே சிரிக்கும், நானும் சிரிப்பேன்.

பிரச்சினை வீட்டுக்கு வந்தா தான். இங்க குப்பைய ஊர் சொல்ற பைல போட்டு, பை மேல பேர் எழுதி, அந்தந்த கிழமைல காலைல எட்டு மணிக்குள்ள வைக்கணும், முந்தின நாள் ராத்திரியே வைக்கக்கூடாது. செப்டம்பர்ல நைட் ஷிஃப்ட் முடிச்ச அசதில ஊறுகாய் பாட்டில எரிக்கற குப்பையோட சேத்து போட்டுட்டேன். சாயந்திரம் வந்து பாத்தா பை என் வாசல்ல உக்காந்திருக்கு, மேல சிவப்பு ஸ்டிக்கர், எடுத்துட்டு போக முடியாதுன்னு. இந்த ஊர்ல பைல கதகனால, அதாவது வெளிநாட்டு பேர் எழுதற எழுத்துல, பேர் எழுதறது நான் மட்டும் தான் அக்கா, யாரோடதுன்னு யாரும் யோசிக்கவே வேணாம். பை வழியா உள்ள இருக்கறதெல்லாம் தெரியுது, கறிவேப்பிலை, சாம்பார் பொடி கவரு எல்லாம். அன்னைக்கு வாசல்ல நின்னு அழுதேன்.

அதுலேர்ந்து விடியக்காலை நாலு மணிக்கு யாரும் பாக்காதப்ப தான் குப்பை வைக்கறேன். வீடு வீடா சுத்தற ஊர் நோட்டீஸ் ஃபைல, கைரன்பான்னு சொல்வாங்க, பெல் அடிக்காம அடுத்த வீட்டு தபால் பெட்டில சொருகிட்டு ஓடி வந்துடறேன். ஞாயித்துக்கிழமை ஊரே சேந்து புல்லு வெட்டினாங்க, உடம்பு சரியில்லன்னு பொய் சொல்லிட்டேன். பக்கத்து வீட்டு பாட்டி போன வாரம் கதவ தட்டி ரெண்டு பெரிய முள்ளங்கிய கைல திணிச்சு, சிரிக்கக்கூட இல்ல, "கே"ன்னு சொல்லிட்டு திரும்பி போயிட்டாங்க. நாய்க்கு சோறு வைக்கற மாதிரி இருந்துச்சு. அது இன்னும் பேப்பர் சுத்தினபடியே கிடக்கு. தூக்கம் சரியில்ல. அம்மா போன் பண்ணா நல்லாருக்கேன்னு சொல்றேன். இவங்களுக்கு நான் இங்க இருக்கறது பிடிக்கலயா, இல்ல எனக்கு தான் ஏதாவது ஆயிடுச்சா?

*

தங்கச்சிக்கு வணக்கம். உங்க லெட்டர்ல "கே" ரெண்டு தடவை வருது, கவனிச்சீங்களா. இல்லத்துல ஒரு பாட்டி சொன்னா டேபிளே சிரிக்குது, வீட்டு வாசல்ல இன்னொரு பாட்டி சொன்னா நாய்க்கு சோறு. அர்த்தம் உங்களுக்கு தெரியும், நீங்களே எனக்கு சொல்லித்தந்தீங்க. நடுவுல வந்தது அந்த ஸ்டிக்கர். அவமானப்பட்ட மனசு அப்படித்தான் பண்ணும், அதுக்கப்புறம் நடக்கறதெல்லாம் அதோட தொடர்ச்சியா தான் தெரியும். இதுக்கு பேர் பைத்தியம் இல்ல, பயப்படாதீங்க.

அந்த ஊர் ஆளுங்க மனசுல என்ன இருக்குன்னு இங்க உக்காந்துட்டு நான் சொல்ல முடியாது. ஒருத்தர் ரெண்டு பேருக்கு நிஜமாவே பிடிக்காம இருக்கலாம், அத மறைச்சு உங்களுக்கு ஆறுதல் சொல்ல மாட்டேன். ஆனா அந்த ஸ்டிக்கர் எல்லாருக்கும் பொதுவா அச்சடிச்சு வச்சது, அந்த ஊர்க்காரங்க தப்பு பண்ணாலும் அதே தான் ஒட்டுவாங்க. பை அங்கயே கிடந்திருந்தா அடுத்த வண்டி வர்ற வரைக்கும் உங்க பேரோட எல்லார் கண்ணுலயும் பட்டிருக்கும். யாரோ தூக்கிட்டு வந்து வச்சிருக்காங்க. கோவத்துல வச்சாங்களோ, உங்க மானத்த காப்பாத்த வச்சாங்களோ, ரெண்டுல ஒண்ண மட்டும் தான் நீங்க ரெண்டு மாசமா நம்பிட்டு இருக்கீங்க.

நாலு மணி விஷயத்த முதல்ல நிறுத்துங்க. மனசுக்காக மட்டும் சொல்லல, அகிதால கரடித் தொல்லை எந்த அளவுன்னு உங்களுக்கு நான் சொல்லவேணாம், 2025 நவம்பர்ல ஜப்பான் ராணுவமான தற்காப்புப் படையவே வரவழைச்ச மாகாணம் அது. விடியற நேரமும் அந்தி நேரமும் தான் அது அதிகமா நடமாடும். வெளிச்சம் வந்தப்புறம் ஏழரைக்கு போங்க. யாராவது நின்னா காலை வணக்கமா ஒரு "ஒஹாயோ கொசாய்மாஸ்" போதும், நின்னு பேசவேணாம். ஒளிஞ்சு வைக்கற ஒவ்வொரு தடவையும் தப்பிச்சோம்னு ஒரு நிம்மதி வருது பாருங்க, அந்த நிம்மதி தான் பயத்த வளக்குது.

முள்ளங்கிக்கு வருவோம். வாங்கினா ஏதாவது திருப்பிக் குடுக்கறது, ஒகாயெஷி, அங்க வழக்கம்னு உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். சாம்பார் வச்சு குடுங்கன்னெல்லாம் சொல்ல மாட்டேன், எல்லாரும் அத தான் சொல்வாங்க, அந்த பாட்டிக்கு காரம் ஒத்துக்குமான்னு யாருக்கு தெரியும். ஒரு பாக்கெட் பிஸ்கட் போதும். குடுக்கும்போது குப்பை காலண்டரயும் எடுத்துட்டு போய் பாட்டில் எந்த கிழமைன்னு கேளுங்க. உதவி கேட்டு வர்ற ஆள சமாளிக்கறது சிரிக்காத மனுஷங்களுக்கும் சுலபம்.

இன்னொண்ணு. எஸ்எஸ்டபிள்யூல இருக்கறவங்கள மூணு மாசத்துக்கு ஒரு தடவையாவது சந்திச்சு குறை கேக்கணும்னு விதி இருக்கு, உங்களுக்கு புரியற மொழியிலயே. அந்த மீட்டிங்ல நீங்க "டைஜோபு", ஒண்ணும் பிரச்சினை இல்லன்னு சொல்லிட்டு வந்துட்டீங்கன்னு பந்தயமே கட்டுவேன். அடுத்த தடவை தூக்கத்த பத்தி சொல்லுங்க. அதே துறைல வேற ஊருக்கு வேலை மாறவும் இந்த விசால வழி இருக்கு, அது தோல்வியும் இல்ல. ஆனா அத இப்ப முடிவு பண்ணவேணாம், ஓடற மனநிலைல எடுக்கற முடிவுல எனக்கு நம்பிக்கை இல்ல.

ஜப்பான்லயே வெயில் கம்மியான மாகாணங்கள்ல அகிதாவும் ஒண்ணு, பனிக்காலம் இனிமே தான் ஆரம்பிக்குது. வெளிச்சம் குறைஞ்சா சிலருக்கு மனசும் கூட சேந்து சோர்ந்து போகும். லீவு நாள்ல மத்தியானம் அரை மணி நேரமாவது வெளிய நடங்க. தூக்கம் இன்னும் ரெண்டு வாரத்துக்கு இப்படியே இருந்தா, இல்ல வாழ்ந்து என்னன்னு ஒரு தடவை தோணினாலும், டாக்டர பாக்க தள்ளிப் போடாதீங்க. நோயாளிக்கு நீங்க அப்படி தள்ளிப் போட விடுவீங்களா?

அம்மாகிட்ட பாதியாவது உண்மைய சொல்லுங்க. மூணு வாரம் கழிச்சு எனக்கு எழுதுங்க, முதல்ல தூக்கம் எப்படின்னு எழுதுங்க, ஊர் கதை அப்புறம்.