ஹெபடைடிஸ் பி இருக்கும் அம்மா தாய்ப்பால் கொடுக்கலாமா? கேள்வி பதில்

மகப்பேறு வார்டில் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்குப் பதில் எழுதியிருக்கிறேன்.

சிஸ்டர், எனக்கு எட்டு மாதம். ரத்தப் பரிசோதனையில் ஹெபடைடிஸ் பி பாசிட்டிவ் என்று வந்துவிட்டது. தாய்ப்பாலே கொடுக்கக் கூடாது என்று அத்தை இப்போதே பவுடர் பால் டப்பா வாங்கி வைத்துவிட்டார். (மேலூர்)

தாராளமாகப் பால் கொடுக்கலாம் தங்கச்சி. அத்தையைக் கோபித்துக்கொள்ளாதே, பேரப்பிள்ளை மேல் உள்ள பயத்தில் செய்கிறார். கல்லீரலைத் தாக்கும் இந்தக் கிருமி பிள்ளைக்குப் போவது பெரும்பாலும் பிரசவ நேரத்தில், அம்மாவின் ரத்தமும் நீரும் படும்போதுதான். பாலிலும் கிருமியின் தடயம் உண்டு, அது உண்மை. ஆனால் பிள்ளைகளுக்குத் தடுப்பூசியே இல்லாத காலத்தில், 1975இல், தைவானில் தாய்ப்பால் குடித்த பிள்ளைகளையும் புட்டிப்பால் குடித்த பிள்ளைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். தொற்று வந்ததில் வித்தியாசம் இல்லை. இன்றைக்கு ஊசியும் இருக்கிறது. பாலை நிறுத்தினால் பிள்ளைக்குச் சீம்பால் போனதுதான் மிச்சம்.

உன் கவலை முழுவதும் ஊசி மேல் இருக்கட்டும். பிறந்த 24 மணி நேரத்துக்குள் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி ஒரு தொடையில். கிருமியை உடனே எதிர்க்கும் எதிர்ப்புப் பொருள் அடங்கிய இம்யூனோகுளோபுலின் ஊசி மறு தொடையில், முடிந்தால் 12 மணி நேரத்துக்குள். இந்த இரண்டாவது ஊசி விலை கூடியது, எல்லா மருந்துக் கடையிலும் இருக்காது. நடுராத்திரியில் வலி வந்த பிறகு உன் வீட்டுக்காரர் கடை கடையாக அலையக் கூடாது. பிரசவம் பார்க்கப் போகும் இடத்தில் இருப்பு உண்டா என்று இப்போதே கேள். 2018 ஜூலையில் தொடங்கிய தேசியத் திட்டத்தில் இதற்கான பரிசோதனையும் மருந்தும் அரசு வழியாக இலவசம். பெரியாஸ்பத்திரியில் விசாரித்துவிடு. வைரல் லோடும், அதாவது ரத்தத்தில் கிருமி எவ்வளவு என்பதையும் பார்த்துவிடு. ஒரு மில்லிலிட்டருக்கு 2 லட்சம் யூனிட்டுக்கு மேல் இருந்தால், கிருமியைக் கட்டுப்படுத்தும் டெனோஃபோவிர் மாத்திரையை 28ஆவது வாரத்திலிருந்தே கொடுப்பார்கள். உனக்கு அந்த வாரம் தாண்டிவிட்டது, அதனால் நாளைக்கே போ.

மூன்று நாள் பிள்ளை. பிறந்த அன்று தடுப்பூசி போட்டார்கள், இம்யூனோகுளோபுலின் போடவில்லை. இனி பயன் உண்டா? (உசிலம்பட்டி)

உண்டு. ஏழு நாள் வரை போடலாம், ஆனால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். இதைப் படித்ததும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்புங்கள். பிறந்த பிள்ளைக்குத் தொற்றினால் பத்தில் ஒன்பது பேருக்கு அது ஆயுளுக்கும் தங்கிவிடும். பெரியவர்களில் அப்படித் தங்குவது நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவு. இதனால்தான் இவ்வளவு அவசரப்படுத்துகிறேன். பாலை நிறுத்த வேண்டாம்.

ஊசி போட்ட பிறகுதான் பால் கொடுக்க வேண்டுமா? அதுவரை சேனை வைக்கலாமா? (அலங்காநல்லூர்)

காத்திருக்க வேண்டாம். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் மார்பில் போடுங்கள். சேனை எந்தப் பிள்ளைக்குமே வேண்டாம், சர்க்கரைத் தண்ணீரும் வேண்டாம்.

காம்பு வெடித்து ரத்தம் கசிகிறது. பயமாக இருக்கிறது அக்கா. (திருமங்கலம்)

இரண்டு ஊசியும் போட்ட பிள்ளைதானே? அப்படியானால் பதறாதீர்கள். ரத்தம் கசியும் பக்கத்துக்கு மட்டும் ஆறும்வரை ஓய்வு கொடுங்கள். அந்தப் பக்கத்துப் பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் பால் கட்டிக்கொண்டு காய்ச்சல் வரும். மறுபக்கம் வழக்கம்போலக் கொடுக்கலாம்.

வெடிப்பு வந்ததற்குக் காரணம் அநேகமாகப் பிள்ளை பிடிக்கும் விதம். காம்பை மட்டும் சப்பினால் புண்ணாகும். வாயை அகலத் திறக்கும்வரை பொறுத்து, சுற்றியுள்ள கரு வட்டமும் உள்ளே போகிற மாதிரி வையுங்கள். தாடை மார்பில் பட வேண்டும், கீழுதடு வெளிப்பக்கம் மடிந்திருக்க வேண்டும். குடித்து முடித்ததும் ஒரு சொட்டுப் பாலைக் காம்பில் தடவிக் காற்றில் காயவிடுங்கள். இரண்டு மூன்று நாளில் ஆறாவிட்டால் காட்டிவிடுங்கள்.

டெனோஃபோவிர் சாப்பிட்டுக்கொண்டே பால் கொடுக்கலாமா? கீழாநெல்லி போதும், மாத்திரையை நிறுத்து என்கிறார்கள். (சோழவந்தான்)

கொடுக்கலாம், பாலில் சேரும் மருந்து மிகச் சொற்பம். கீழாநெல்லி விஷயத்தைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். 1988இல் சென்னை ஆய்வாளர்களே அதை இந்தக் கிருமிக்குக் கொடுத்துப் பார்த்து, நல்ல பலன் என்று எழுதினார்கள். அப்புறம் வேறு இடங்களில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. அதை நம்பி மாத்திரையை விடாதீர்கள். பிரசவத்துக்குப் பிறகு திடீரென்று நிறுத்தினால் சிலருக்குக் கல்லீரல் வீக்கம் கூடிவிடும். நிறுத்துவதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

பிள்ளைக்குத் தொற்றவில்லை என்று எப்போது தெரியும்? (வாடிப்பட்டி)

6, 10, 14ஆவது வாரத்தில் போடும் பென்டாவேலன்ட் என்ற ஐந்து நோய்த் தடுப்பூசிக்குள்ளேயே இதற்கான மருந்தும் இருக்கிறது. ஒன்றையும் தவற விடாதீர்கள். ஒன்பது மாதம் முடிந்ததும் ரத்தப் பரிசோதனை செய்யலாம். அதற்கு முன்னால் செய்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

மனைவிக்கு இருக்கிறது. வீட்டில் தட்டு, டம்ளர் எல்லாம் தனியாக வைத்துவிட்டார்கள். நான் என்ன செய்ய வேண்டும்? (திருப்பரங்குன்றம்)

முதலில் அந்தத் தட்டை எடுத்து மற்ற தட்டுகளோடு வையுங்கள் தம்பி. சேர்ந்து சாப்பிடுவதாலும் பிள்ளையைக் கொஞ்சுவதாலும் இது தொற்றாது. தனியாக இருக்க வேண்டியவை பிளேடு, பல் துலக்கும் பிரஷ், நகவெட்டி. நீங்களும் வீட்டில் உள்ளவர்களும் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். நெகட்டிவ் என்றால் தடுப்பூசி: இன்று ஒன்று, ஒரு மாதத்தில் ஒன்று, ஆறாவது மாதம் ஒன்று. மூன்றாவதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். அதன் தேதியைப் பிள்ளையின் தடுப்பூசி அட்டையிலேயே எழுதி வையுங்கள்.