காய்ச்சல் 103: தெர்மாமீட்டரைப் பார்ப்பதா, குழந்தையைப் பார்ப்பதா?

கேள்வி: என் மகளுக்கு இரண்டே கால் வயது. எடை 12 கிலோ. விளையாட்டுப் பள்ளியில் சேர்த்ததிலிருந்து அடிக்கடி காய்ச்சல் வருகிறது. போன வாரம் 103 டிகிரி வரை போய்விட்டது. பாராசிட்டமால் சிரப் (5 மில்லியில் 120 மில்லிகிராம்) இரண்டரை மில்லி கொடுத்தேன். அவள் 6 கிலோ இருந்தபோது டாக்டர் எழுதித் தந்த அளவு அது. கொஞ்சம் குறைந்து, இரண்டு மணி நேரத்தில் மறுபடி ஏறிவிட்டது. இரவு முழுக்க அரை மணிக்கு ஒரு தரம் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தோம். நன்றாகப் போர்த்திவிடு, வியர்த்தால் விட்டுவிடும் என்கிறார் மாமியார். ஐஸ் தண்ணீரில் துணி நனைத்துத் துடைக்கச் சொல்கிறார் கணவர். காய்ச்சல் ஏறினால் வலிப்பு வரும், மூளை பாதிக்கும் என்று கேள்விப்பட்டதிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. வீட்டில் எதுவரை சமாளிக்கலாம்? எப்போது டாக்டரிடம் ஓட வேண்டும்? மறுபடி பள்ளிக்கு எப்போது அனுப்பலாம்?

பதில்: இதைப் படிக்கும்போது அந்தக் காய்ச்சல் போயிருக்கும் என்று நம்புகிறேன். ஆனால் அடுத்தது வரும். அதனால் அடுத்த காய்ச்சலை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

முதலில் உங்கள் தூக்கத்தைக் கெடுத்த பயத்தைப் பார்ப்போம். சளி, தொண்டை வலி, வைரஸ் தொற்று போன்றவற்றால் வரும் காய்ச்சலின் சூடு மூளையைக் கெடுப்பதில்லை. தொற்றால் வரும் காய்ச்சலை உடம்பே ஓர் எல்லைக்குள் வைத்திருக்கிறது. 106 டிகிரியைத் தாண்டுவது மிக அரிது. சூட்டினாலேயே மூளை பாதிக்கப்படுவது வேறு சமாச்சாரம். பூட்டிய காருக்குள் வெயிலில் மாட்டிக்கொண்ட குழந்தைக்கு வருகிற வெப்பத் தாக்கு அந்த வகை. மூளைக்காய்ச்சல் என்கிறோமே, அதில் மூளைக்குச் சேதம் செய்வது கிருமிதான், சூடு அல்ல. அந்த நோயில் தெர்மாமீட்டர் 101 மட்டுமே காட்டினாலும் காட்டும். பெற்றோரின் இந்தப் பயம் உலகம் முழுவதும் இருக்கிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பார்ட்டன் ஷ்மிட் 1980-இல் இதைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார்.

ஆகவே எண்ணை வைத்து ஆபத்தை அளக்க முடியாது. குழந்தையை வைத்துத்தான் அளக்க முடியும். இதை எப்படிச் செய்வது என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கேள்வி முழுவதற்கும் அடிப்படை இதுதான்.

காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது எந்தக் குழந்தையும் துவண்டுதான் கிடக்கும். மூச்சு சற்று வேகமாக இருக்கும், நெஞ்சு படபடக்கும், முகம் வாடியிருக்கும். அந்த நேரத்தில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மருந்து கொடுத்து ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். கண்ணைத் திறந்து உங்களைப் பார்க்கிறாளா? கூப்பிட்டால் திரும்புகிறாளா? பொம்மையைக் கேட்கிறாளா? நாலு வாய் தண்ணீராவது குடிக்கிறாளா? நீங்கள் தூக்கினால் அழுகை அடங்குகிறதா? இத்தனைக்கும் ஆம் என்றால், 103 காட்டினாலும் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். சூடு 100.5-க்கு இறங்கிய பிறகும் துணி போலத் துவண்டு கிடக்கிறாள், எதிலும் நாட்டமில்லை, எதையும் குடிக்கவில்லை என்றால் அந்தக் குழந்தையைத்தான் நான் உடனே பார்க்க வேண்டும்.

இதற்கு முக்கியமான விலக்கு ஒன்று உண்டு. மூன்று மாதம் நிறையாத குழந்தைக்கு 100.4 டிகிரி (38 செல்சியஸ்) வந்தாலே, அது எவ்வளவு நன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும், நள்ளிரவாக இருந்தாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். அந்த வயதில் பெரிய தொற்றுகூட வெளியே அதிகம் காட்டிக்கொள்ளாது.

சரி, போர்வையா ஐஸ் தண்ணீரா? இரண்டும் வேண்டாம். கிருமி நுழைந்ததும் வெள்ளை அணுக்கள் வெளியிடும் சில பொருள்கள் மூளையில் உள்ள ஹைப்போதலாமஸ் என்ற பகுதிக்குச் செய்தி அனுப்புகின்றன. அது, இனி உடம்பின் சூடு 103 இருக்கட்டும் என்று அளவை ஏற்றி வைக்கிறது. உடனே தோலுக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. தலையும் வயிறும் அனலாகக் கொதிக்க, கையும் காலும் சில்லென்று இருப்பது இதனால்தான். குழந்தை நடுங்குவதும் உடம்பு சூட்டை உண்டாக்கிக்கொள்ளும் வழியே. இந்த நேரத்தில் ஐஸ் தண்ணீர் பட்டால் உடம்பு இன்னும் பலமாக நடுங்கும். உள்சூடு குறையாது, கூடவும் செய்யும். குழந்தை அலறி அழுவதுதான் மிச்சம். ஸ்பிரிட்டால் துடைப்பதோ ஆபத்தே: அது தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உள்ளே போய்விடும். மறுபக்கம், கனமாகப் போர்த்தினால் வெளியேற வேண்டிய சூடு வெளியேறாது. வியர்ப்பதால் காய்ச்சல் இறங்குவதில்லை. மூளை அளவைக் குறைத்த பிறகுதான் வியர்க்கிறது. நடுங்கும்போது மெல்லிய போர்வை ஒன்று போதும், நடுக்கம் நின்றதும் எடுத்துவிடுங்கள். மற்றபடி மெல்லிய உடை, காற்றோட்டமான அறை. வெதுவெதுப்பான நீரில் துணி நனைத்து ஒற்றுவது குழந்தைக்குப் பிடித்திருந்தால் செய்யலாம், பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

இனி மருந்து. உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது இதுதான். நீங்கள் கொடுத்த இரண்டரை மில்லியில் இருப்பது 60 மில்லிகிராம். 6 கிலோவுக்கு அது சரி. இப்போது அவள் 12 கிலோ, அதாவது பாதி அளவுதான் கொடுத்திருக்கிறீர்கள். பாராசிட்டமால் ஒரு வேளைக்கு, ஒரு கிலோ எடைக்கு 10 முதல் 15 மில்லிகிராம். உங்கள் மகளுக்கு 120 முதல் 180 மில்லிகிராம் ஆகிறது. உங்களிடம் இருக்கும் சிரப்பில் அது 5 முதல் 7.5 மில்லி. நடுவில் 6 மில்லி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் நடுவே குறைந்தது 4 மணி நேரம், முடிந்தால் 6 மணி நேரம் விடுங்கள். 24 மணி நேரத்தில் நான்கு வேளைக்கு மேல் கூடாது.

ஆனால் இந்தக் கணக்கை வேறு பாட்டிலுக்கு அப்படியே பயன்படுத்தாதீர்கள். பாராசிட்டமால் 5 மில்லியில் 120, 125, 250 மில்லிகிராம் என்று பல அடர்த்தியில் வருகிறது. 250 என்றால் அவளுக்கு 3 மில்லியே போதும். கைக்குழந்தைகளுக்கான டிராப்ஸில் பெரும்பாலும் ஒரே மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கும். சிரப் அளவில் டிராப்ஸைக் கொடுத்தால் மருந்து பல மடங்கு அதிகமாகிவிடும். ஒவ்வொரு முறையும் லேபிளைப் படியுங்கள். சமையலறைக் கரண்டியால் அளக்காமல், பாட்டிலோடு வரும் மூடியாலோ ஊசியில்லாத சிரிஞ்சாலோ அளந்து கொடுங்கள். கொடுத்த நேரத்தை ஒரு தாளில் எழுதி வைப்பதும் நல்லது. வீட்டில் இரண்டு மூன்று பேர் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும்போது, ஒருவர் கொடுத்தது தெரியாமல் இன்னொருவரும் கொடுத்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. சளி மருந்துகள் பலவற்றிலும் பாராசிட்டமால் கலந்திருக்கிறது. அதையும் இதையும் சேர்த்துக் கொடுத்தால் பாதிக்கப்படுவது கல்லீரல்.

சரியான அளவு கொடுத்தாலும் காய்ச்சல் முழுதாக இறங்காது. ஒன்று, இரண்டு டிகிரி குறையும். நாலைந்து மணி நேரத்தில் மறுபடி ஏறும். கிருமி உள்ளே இருக்கும்வரை அப்படித்தான். நாம் மருந்து கொடுப்பது எண்ணை 98.6-க்குக் கொண்டுவர அல்ல, குழந்தையின் உடம்பு வலியும் அவஸ்தையும் குறைந்து அவள் குடிக்கவும் உறங்கவும் வேண்டும் என்பதற்காக. எனவே 101 டிகிரியோடு ஓடி விளையாடும் குழந்தையைப் பிடித்து மருந்து ஊற்ற வேண்டியதில்லை. நன்றாகத் தூங்கும் குழந்தையை மருந்துக்காகவோ தெர்மாமீட்டருக்காகவோ எழுப்பவும் வேண்டாம்.

இபுப்ரோஃபென் என்ற இன்னொரு காய்ச்சல் மருந்தை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தை, வாந்தி பேதியால் நீர் வற்றிய குழந்தை, அம்மை போட்ட குழந்தை, டெங்கு இருக்குமோ என்ற சந்தேகம் உள்ள குழந்தை ஆகியோருக்கு அது ஆகாது. இரண்டு மருந்தையும் மாற்றி மாற்றிக் கொடுப்பதில் கணக்குத் தவறிவிடும். ஆஸ்பிரின் குழந்தைகளின் காய்ச்சலுக்குக் கூடவே கூடாது. கல்லீரலையும் மூளையையும் தாக்கும் ரே நோய்க்குறி என்ற அரிய, கொடிய நோய் அதனால் வரலாம். போன முறை மிச்சமான ஆன்டிபயாட்டிக் பாட்டிலையும் தொடாதீர்கள். வைரஸ் காய்ச்சலுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

சாப்பாட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாவிட்டால் ஒன்றும் ஆகிவிடாது, வற்புறுத்தி ஊட்டினால் வாந்திதான் வரும். குடிப்பதுதான் முக்கியம். கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு அதையே கூடுதல் தடவை கொடுங்கள். வாந்தியோ பேதியோ இருந்தால் ஓ.ஆர்.எஸ். கரைசல் கொடுக்கலாம். எத்தனை தரம் சிறுநீர் போனாள் என்பதைக் கவனியுங்கள். நான் போனில் முதலில் கேட்கிற கேள்வியும் அதுதான்.

வலிப்புக்கு வருவோம். மாமியார் காலத்தில் ஜன்னி என்பார்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயதுவரை உள்ள குழந்தைகளில் 100-க்கு 2 முதல் 5 பேருக்குக் காய்ச்சலோடு வலிப்பு வருகிறது. மற்ற குழந்தைகளுக்கு 104 வந்தாலும் வருவதில்லை. மருந்தை நேரத்துக்குக் கொடுத்து வலிப்பைத் தடுக்கலாம் என்று நினைத்து விழித்திருக்க வேண்டாம்; பாராசிட்டமால் அதைத் தடுப்பதில்லை என்று ஆய்வுகள் காட்டிவிட்டன. பார்க்கப் பயங்கரமாக இருக்கும், உண்மைதான். ஆனால் பெரும்பாலும் சில நிமிடங்களில் தானே நின்றுவிடும், குழந்தையின் அறிவையோ வளர்ச்சியையோ பாதிக்காது. ஒருவேளை வந்தால் தரையில் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மணியைப் பாருங்கள். வாயில் கரண்டி, விரல், தண்ணீர், மருந்து எதையும் வைக்காதீர்கள். கையையும் காலையும் இறுக்கிப் பிடிக்காதீர்கள். ஐந்து நிமிடத்தில் நிற்கவில்லை என்றால் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். தானே நின்றாலும் முதல் தடவை என்றால் உடனே டாக்டரிடம் காட்டிவிட வேண்டும்.

நேரம் பார்க்காமல் ஓட வேண்டிய அறிகுறிகள் வேறு சிலவும் இருக்கின்றன. எழுப்பினாலும் சரியாக விழிக்கவில்லை, உங்களை அடையாளம் தெரியவில்லை, எப்படியும் தேற்ற முடியாமல் வீறிட்டு அழுகிறாள், கழுத்தை வளைக்க முடியவில்லை, கைக்குழந்தையின் உச்சிக்குழி புடைத்திருக்கிறது, உதடு நீலம் பூத்திருக்கிறது. மூச்சு விடும்போது விலா எலும்புக்கு நடுவே சதை உள்வாங்கினாலோ முனகினாலோ அதே அவசரம்தான். அமைதியாக இருக்கும்போது ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள்: ஒரு வயதுக்கு மேல் ஐந்து வயதுவரை நிமிடத்துக்கு 40-ம், இரண்டு மாதம் முதல் ஒரு வயதுவரை 50-ம் தொட்டால் அது வேகமான மூச்சு. தோலில் சிவப்பு அல்லது ஊதாப் புள்ளிகள் இருந்தால் கண்ணாடி டம்ளரின் பக்கத்தை அதன்மேல் அழுத்திப் பாருங்கள். மறையாமல் தெரிந்தால் ஒரு நொடியும் தாமதிக்கக் கூடாது. குடித்ததெல்லாம் வாந்தியாகிறது, எட்டு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, அழுதால் கண்ணீர் வரவில்லை என்றாலும் உடனே கிளம்புங்கள். டெங்கு பரவும் இடத்தில் இருந்தால் இன்னொன்று: காய்ச்சல் இறங்கும் நாள்தான் அந்த நோயில் ஆபத்தான நாள். சூடு குறைந்த பிறகு வயிற்று வலியும், தொடர் வாந்தியும், கை கால் சில்லிடுவதும், சோர்வும் வந்தால் அதைக் குணமாவதாக எண்ணிவிடாதீர்கள்.

அன்றைக்குள் டாக்டரைப் பார்த்தால் போதும் என்கிற நிலைமைகளும் உண்டு: மூன்று முதல் ஆறு மாதக் குழந்தைக்குக் காய்ச்சல், 104 டிகிரியைத் தொட்டது, காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டியது, ஒரு நாள் முழுக்க விட்டுப் போய்விட்டுத் திரும்ப வந்தது, காதைப் பிடித்துக்கொண்டு அழுவது. சளி, இருமல், பேதி என்று எந்தக் காரணமும் தெரியாத காய்ச்சல் உங்கள் மகள் வயதுக் குழந்தைக்கு வந்தால் சிறுநீர்ப் பரிசோதனை கேளுங்கள். சின்னக் குழந்தைக்குச் சிறுநீர்த் தொற்று பல சமயம் வெறும் காய்ச்சலாகத்தான் தெரியும், கவனிக்காமல் விட்டால் சிறுநீரகத்தில் தழும்பு விழலாம். ஐந்து நாளாகியும் விடாத காய்ச்சலோடு கண் சிவந்து, உதடு வெடித்து, உடம்பில் தடிப்பும் இருந்தால் கவாசாகி நோயா என்று பார்க்க வேண்டும். இதயத்தின் ரத்தக் குழாய்களைப் பாதிக்கும் நோய் அது, சீக்கிரம் கண்டுபிடித்தால் நல்ல சிகிச்சை இருக்கிறது.

தெர்மாமீட்டர் டிஜிட்டலாக இருக்கட்டும். அக்குளைத் துடைத்து உலர்த்தி, கையை உடம்போடு ஒட்டிப் பிடித்து, பீப் சத்தம் வரும்வரை வையுங்கள். அக்குளில் பார்த்தால் உண்மையான சூட்டைவிடச் சற்றுக் குறைவாகவே காட்டும். நாலு மணி நேரத்துக்கு ஒரு தரம் பார்த்தால் தாராளம். நடுவில் நீங்களும் கணவரும் முறை வைத்துத் தூங்குங்கள்.

அடிக்கடி காய்ச்சல் வருவதைப் பற்றியும் சொல்லியிருந்தீர்கள். பள்ளியில் சேர்ந்த முதல் வருடத்தில் ஏழெட்டுத் தடவை சளிக் காய்ச்சல் வருவது சகஜம். எதிர்ப்புச் சக்தி குறைவு என்று அர்த்தமில்லை. நடுவில் நன்றாக இருக்கிறாள், எடை ஏறுகிறது என்றால் கவலைப்பட ஒன்றுமில்லை. எடை ஏறாமல் நின்றாலோ, ஒவ்வொரு முறையும் நிமோனியா, சீழ்க்கட்டி என்று பெரிதாக வந்தாலோ அப்போது ஆராய வேண்டும். பள்ளிக்கு அனுப்புவது, மருந்து எதுவும் கொடுக்காமலேயே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருந்து, பழையபடி சாப்பிட்டு விளையாட ஆரம்பித்த பிறகு. காலையில் பாராசிட்டமால் கொடுத்து அனுப்பினால் மதியம் பள்ளியிலிருந்து உங்களைக் கூப்பிடுவார்கள், அதற்குள் பக்கத்தில் உட்கார்ந்த குழந்தைகளுக்கும் தொற்றியிருக்கும்.