தெளிவான விமான எரிபொருளிலும் சூடு பட்டால் படிவு உண்டாவது ஏன்? வெப்பச் சோதனையில் தோற்றால் எரிபொருள் கெட்டது என்றுதான் அர்த்தமா?

நீங்கள் ஆய்வகத்தில் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருக்கும் என்று நினைக்கிறேன். வெப்பச் சோதனையின் ஹீட்டர் குழாயில் கறை வந்திருக்கும். மேலதிகாரி குழாயையும் உங்கள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்திருப்பார். என் ஊகம் தவறென்றால் மன்னியுங்கள். எனக்கு அப்படித்தான் நடந்தது.

முதல் கேள்விக்குச் சுருக்கமாக: அழுக்கு இல்லாமலும் படிவு வரும். பளிங்கு போலத் தெளிந்த ஜெட் ஏ-1இலும் காற்றிலிருந்து கரைந்த ஆக்சிஜன் 10 லட்சத்தில் 60, 70 பங்கு இருக்கும். சுமார் 150 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அது எரிபொருளோடு வினைபுரியத் தொடங்குகிறது. கந்தக, நைட்ரஜன் சேர்மங்களும் கூடிக்கொண்டால் பிசின் உண்டாகி, சூடான உலோகத்தின் மேல் அரக்கு பூசியதுபோல் ஒட்டிக்கொள்கிறது. எஞ்சின் எண்ணெயைக் குளிர்விக்கும் வேலையையும் எரிபொருளின் தலையில்தான் கட்டியிருக்கிறார்கள். ஆகவே எரிவதற்கு முன்பே அது சூடாகிவிடுகிறது. தெளிப்பு முனையில் கரி கட்டினால் தெளிப்பு கோணலாகி, எரியறையின் ஒரு பக்கம் மட்டும் அதிகமாகச் சூடாகும். உடனே 'விமானம் விழுந்துவிடும் என்று பயமுறுத்துகிறார்' என்று யாரும் கிளம்ப வேண்டாம். நான் அப்படிச் சொல்லவில்லை. பராமரிப்புச் செலவு ஏறும், பாகங்களின் ஆயுள் குறையும் என்கிறேன், அவ்வளவுதான்.

இரண்டாவது கேள்விதான் என்னை எழுத வைத்தது.

சோதனை உங்களுக்குத் தெரிந்ததே: 260 டிகிரிக்குச் சூடாக்கிய அலுமினியக் குழாயின் மேல் எரிபொருளை ஓடவிட வேண்டும்; நிமிடத்துக்கு 3 மில்லிலிட்டர் ஓட்டம், இரண்டரை மணி நேரம். வடிகட்டியில் அழுத்த வேறுபாடு 25 மில்லிமீட்டர் பாதரசத்தைத் தாண்டக் கூடாது. குழாயில் படிந்த கறையின் நிறம், கறை கூடக்கூட எண்ணும் கூடும் நிற அளவுகோலில், 3ஆம் எண்ணுக்குக் கீழே இருக்க வேண்டும். எனக்கு அது நடந்த அன்று இரவு ஷிஃப்டில் அழுத்தம் அசையவே இல்லை. நிம்மதியாகக் குழாயைக் கழற்றி விளக்குப் பெட்டியில் வைத்தேன். நடுப்பகுதியில் விரல் நகம் அகலத்துக்கு நீலமும் ஊதாவும் பச்சையும் மின்னின. மயில் நிறம் என்பார்களே, அது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. படலம் அத்தனை மெல்லியதாக இருந்தால்தான் அந்த வண்ணமே வரும். ஆனால் மயில் நிறம் தெரிந்தால் எண்ணைப் பார்க்கவே வேண்டாம், மாதிரி தோல்வி. மூத்தவர் ஒருவர், "லேசாகத்தானே இருக்கிறது தம்பி, 2 என்று போட்டுவிடு" என்றார். நான் போடவில்லை.

இதுவரை கதாநாயகன் நான். இனி இல்லை. அந்த மாதிரியை எடுத்தவனும் நானே. வழக்கமான எஃகு இணைப்பு கைக்குக் கிடைக்கவில்லை என்று, யாரோ கருவிப் பெட்டியில் விட்டுப்போயிருந்த ஒரு சாண் பித்தளைக் குழாயை மாட்டியிருந்தேன். பாதி எடுத்ததும் வேறு வேலைக்குக் கூப்பிட்டார்கள். திரும்பி வரும்வரை எரிபொருள் அதிலேயே தேங்கிக் கிடந்தது. முன்னால் தேங்கியதைக் கழித்து ஊற்றவும் இல்லை. பித்தளையில் இருப்பது செம்பு. நூறு கோடியில் சில பத்துப் பங்கு செம்பு கலந்தாலே போதும், அந்த ஆக்சிஜன் வினை முடுக்கிவிட்டதுபோல் ஓடும்.

அதே தொட்டியிலிருந்து எஃகு வழியாக மறுபடி எடுத்தோம். குழாய் பளபளவென்று வந்தது. 'ஒரு சோதனையை வைத்துப் பித்தளைமேல் பழி போடலாமா?' என்று கேட்பீர்கள். அதற்காகவே நல்ல மாதிரியில் அந்தப் பித்தளைத் துண்டை ஓர் இரவு ஊறவிட்டு மீண்டும் ஓட்டினோம். மயில் திரும்பி வந்தது.

ஆகவே உங்கள் எரிபொருள் நல்லது என்று நான் சான்று தரவில்லை. சுத்திகரிப்பில் குறை இருந்தாலும் இதே கறைதான் வரும். மாதிரி எதன் வழியாக வந்தது, எந்தக் கலனில் எத்தனை நாள் இருந்தது என்பதை முதலில் விசாரியுங்கள். எரிபொருள் உலோகத்தைத் தொடாதபடி உள்ளே எப்பாக்சி பூசிய கலனா என்றும் பாருங்கள். தோற்ற குழாயைத் தூக்கி எறியாதீர்கள், துடைக்கவும் செய்யாதீர்கள்.

அந்த மூன்று ஓட்டங்களுக்காக இரண்டு இரவு கூடுதலாக வேலை செய்தேன். தவறு என்னுடையது என்பதால் கூடுதல் நேர ஊதியம் கிடையாது என்றார்கள். சரி, போகட்டும். ஆனால் '2 போடு' என்ற அதே மூத்தவர், அடுத்த மாதம் மாதிரி எடுக்கும் முறையைத் திருத்தியதற்காகப் பாராட்டுக் கடிதம் வாங்கினார். திருத்தம் முழுவதும் என் கையெழுத்தில் இருந்தது.