தேர்தலில் தோற்ற கட்சிக்கு அடுத்த தலைவரை யார் தேர்ந்தெடுக்கிறார்கள்? சாதாரண உறுப்பினருக்கு அதில் ஓட்டு உண்டா?

சில கட்சிகளின் விதிப் புத்தகத்தில் உண்டு. நடப்பில், ஓட்டுப் பெட்டி வருவதற்கு முன்பே பெரும்பாலும் காரியம் முடிந்திருக்கும். நான் கட்சிக்காரன் இல்லை. மதுரையில் ஃப்ளெக்ஸ், நோட்டீஸ் அடிக்கிற கடை வைத்திருக்கிறேன். எல்லாக் கட்சிக்காரர்களும் வருவார்கள், டீ குடிப்பார்கள், பாதிப் பேர் பாக்கி வைப்பார்கள்.

கையருகில் இருக்கிற உதாரணம் அதிமுக. 2021 சட்டமன்றத் தேர்தலில் 66 இடங்களோடு ஆட்சியை இழந்தபோது அங்கே இரட்டைத் தலைமை: ஒருங்கிணைப்பாளர் ஓ. பன்னீர்செல்வம், இணை ஒருங்கிணைப்பாளர் எடப்பாடி பழனிசாமி. அந்த நாட்களில் டிசைன் பார்க்க உட்காருகிற வட்டச் செயலாளர் தன் படத்தை அப்புறம்தான் பார்ப்பார். மேலே உள்ள இரண்டு முகங்களும் ஒரே அளவில் இருக்கின்றனவா என்பதுதான் முதல் கவலை. ஒருவர் நெற்றி கொஞ்சம் ஏறியிருந்தாலும், "தம்பி, அண்ணனைக் கொஞ்சம் இறக்குங்க, நாளைக்கு வம்பாப் போயிரும்" என்பார். 2022 ஜூனில் ஒற்றைத் தலைமைப் பேச்சு கிளம்பியதும் அளவுப் பிரச்சினை போய், யார் படத்தைப் போடுவது என்பதே பிரச்சினையாகிவிட்டது. பொதுக்குழு முடியட்டும் என்று ஆர்டரையே நிறுத்தி வைத்தவர்கள் உண்டு. பன்னீர்செல்வத்தின் ஊரான பெரியகுளம் நமக்குப் பக்கம் என்பதால் இங்கே தர்மசங்கடம் கூடுதல்.

எம்ஜிஆர் காலத்து விதிப்படி கட்சித் தலைமையான பொதுச்செயலாளரை அடிப்படை உறுப்பினர்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். 2022 ஜூலை 11 பொதுக்குழு எடப்பாடியை இடைக்காலப் பொதுச்செயலாளர் ஆக்கியது, பன்னீர்செல்வத்தைக் கட்சியை விட்டு நீக்கியது. ராயப்பேட்டை அலுவலகத்தில் அன்று கைகலப்பு, அப்புறம் சீல். அதே பொதுக்குழுவில் விதியும் திருத்தப்பட்டது: பொதுச்செயலாளர் பதவிக்கு நிற்பவரை 10 மாவட்டச் செயலாளர்கள் முன்மொழிய வேண்டும், 10 பேர் வழிமொழிய வேண்டும், தலைமைக் கழகப் பொறுப்பில் 5 ஆண்டுகள் இருந்திருக்க வேண்டும். சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. மாவட்டச் செயலாளர்களில் பெரும்பாலோர் ஒரே பக்கம் நிற்கும்போது எதிர் மனு எங்கிருந்து வரும்? 2023 மார்ச்சில் எடப்பாடி போட்டியின்றித் தேர்வானார். உறுப்பினர் ஓட்டுப் போட வேண்டிய கட்டமே வரவில்லை.

மாவட்டங்கள் ஏன் சாய்ந்தன என்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். என் கணக்கில் ஏ, பி படிவம்தான் பெரிய காரணம். கட்சியில் அதிகாரம் பெற்றவர் கையெழுத்திட்ட அந்தப் படிவங்கள் இல்லாமல் வேட்பாளருக்குச் சின்னம் கிடைக்காது. இரட்டைத் தலைமை என்றால் இரண்டு கையெழுத்து. 2022 ஜூலையில் நடந்த உள்ளாட்சி இடைத்தேர்தலில் இரண்டு கையெழுத்தும் சேராததால் அதிமுகவினர் இரட்டை இலை இல்லாமலே நின்றார்கள். 2023 ஈரோடு கிழக்கு இடைத்தேர்தலுக்கு விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போய், அவைத்தலைவர் தமிழ்மகன் உசேன் வழியாகத்தான் தேர்தல் ஆணையத்துக்குப் படிவம் போனது. அடுத்த முறை கவுன்சிலர் சீட்டுக்குக் காத்திருக்கிற ஆளுக்கு, யார் பெரிய தலைவர் என்பதைவிட யார் கையெழுத்து செல்லும் என்பதுதானே முக்கியம்? அதற்காக அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆட்சி போன கட்சியில் அவருக்கு மிச்சமிருப்பது அந்தச் சின்னம் மட்டும்தான்.

ஓட்டு நடக்கிற இடங்களும் இருக்கின்றன. 2019 தோல்விக்குப் பொறுப்பேற்று ராகுல் காந்தி விலகிய பிறகு காங்கிரஸ் தலைவர் தேர்தல் 2022 அக்டோபரில்தான் நடந்தது. கார்கேவுக்கு 7,897, சசி தரூருக்கு 1,072. ஓட்டுப் போட்டவர்கள் மாநிலக் காங்கிரஸ் கமிட்டிகளின் பிரதிநிதிகள். உறுப்பினர் அட்டை மட்டும் வைத்திருப்பவர் டிவியில் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். மேலிடம் நடுநிலை என்றுதான் சொன்னது, ஆனால் மேலிடத்தின் மனசு கார்கே பக்கம் என்று பேசிக்கொள்ளாத காங்கிரஸ்காரரை நான் பார்க்கவில்லை. இதே கட்சியில்தான் 1940இல் விருதுநகர் காமராஜர் மூன்றே ஓட்டு வித்தியாசத்தில் மாநிலத் தலைவரானார்.

மார்க்சிஸ்ட் கட்சி 2025 ஏப்ரலில் நம் மதுரை தமுக்கத்திலேயே அகில இந்திய மாநாடு போட்டது. பொதுச்செயலாளர் சீத்தாராம் யெச்சூரி இறந்ததால் காலியான இடம் அது, தோல்வியால் வந்ததல்ல. ஆனாலும் 2024இல் அவர்களுக்குக் கிடைத்த மக்களவை இடங்கள் மொத்தம் 4. அதில் இரண்டு மதுரையும் திண்டுக்கல்லும். அங்கே முறை வேறு: மாநாட்டுப் பிரதிநிதிகள் மத்தியக் குழுவைத் தேர்ந்தெடுப்பார்கள், மத்தியக் குழு பொதுச்செயலாளரைத் தேர்ந்தெடுக்கும். எம். ஏ. பேபி அப்படி வந்தவர். தலைமை முன்வைக்கும் மத்தியக் குழுப் பட்டியல் வழக்கமாக அப்படியே நிறைவேறிவிடும். இந்த முறை மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த டி. எல். கராட் பட்டியலுக்கு வெளியே நின்று போட்டி கேட்டார், வாக்கெடுப்பும் நடந்தது. அவருக்குக் கிடைத்தது 31 ஓட்டு. ஜெயிக்க மாட்டோம் என்று தெரிந்தேதான் நின்றிருப்பார்.