பந்தல் போட டிகிரி எதற்கு?

"பிளஸ் டூ முடித்த என் தங்கை ஈவென்ட் மேனேஜ்மென்ட் பட்டப்படிப்பில் சேருவேன் என்று அடம்பிடிக்கிறாள். மூன்று வருடம் கல்லூரியில் உட்கார்ந்து படிக்கிற விஷயமா இது? ஏதாவது ஒரு கம்பெனியில் சேர்ந்து வேலையைக் கற்றுக்கொள்ளலாமே?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இதே கேள்வியை 2015இல் எங்கள் வீட்டுக் கூடத்தில் பதினைந்து பேர் முன்னால் என் பெரியப்பா கேட்டார். "பந்தல் போடறதுக்கு டிகிரியா?" அதில் அப்பாவுக்கும் ஒரு குத்து இருந்தது. அப்பா திருச்சியில் மைக்செட், லைட்செட் வாடகைக்கு விடுபவர். அவர் அன்றைக்குப் பதில் சொல்லவில்லை. அதனால் இங்கே நான் கொஞ்சம் நீளமாகச் சொல்லிக்கொள்கிறேன்.

முதலில் ஒன்று. படிப்பு வேண்டாம் என்று சொல்பவர்கள் முட்டாள்கள் இல்லை. இந்தத் தொழிலில் எனக்குத் தெரிந்த மிகத் திறமையான ஆட்கள் பத்தாவதைத் தாண்டாதவர்கள். என் கல்லூரியைப் பற்றிப் பெருமையடிக்கவும் இதை எழுதவில்லை. அங்கே மார்க்கெட்டிங்கை மூன்று வெவ்வேறு பெயர்களில் மூன்று பாடமாக நடத்தினார்கள். ஒரு ஜெனரேட்டர் பக்கத்தில் எங்களைக் கொண்டுபோய் நிறுத்தவே இல்லை. 125 கேவிஏ என்று எழுதியிருக்கிற ஜெனரேட்டர் வண்டியில் 125 கிலோவாட்டுக்கு லோடு போட முடியாது, 100ஐத் தாண்டக் கூடாது என்பதெல்லாம் அப்பா சொல்லித்தான் தெரியும். ஆனால் மக்கள் கூட்டத்தைப் பற்றி ஒரு பாடம் இருந்தது. அதற்காக மட்டுமே அந்த மூன்று வருடக் கட்டணத்தைக் கொடுக்கலாம் என்பேன்.

அதில் பிரிட்டனின் 'கிரீன் கைடு' வந்தது. விளையாட்டு அரங்குகளின் பாதுகாப்புக்கான கையேடு. 1971இல் கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸ் மைதானத்தில் படிக்கட்டு நெரிசலில் 66 பேர் செத்தார்கள். அதற்குப் பிறகு 1973இல் முதல் பதிப்பு வந்தது. நாங்கள் படித்த பதிப்பில் ஒரு கணக்கு: சமதளத்தில் ஒரு மீட்டர் அகல வழியில் நிமிடத்துக்கு 82 பேர் வெளியேறலாம். படிக்கட்டு என்றால் 66. எல்லோரும் உட்கார்ந்த இடத்தை விட்டுத் தடையில்லாத வெளிவழிக்குப் போய்ச் சேர எட்டு நிமிடத்துக்கு மேல் ஆகக் கூடாது.

வகுப்பில் மற்றவர்கள் இதைப் பரீட்சைக்குக் குறித்துக்கொண்டார்கள். எனக்கு ஸ்ரீரங்கம் நினைவுக்கு வந்துவிட்டது. 2004 ஜனவரியில் அங்கே ஒரு கல்யாண மண்டபத்தில் கீற்றுப் பந்தல் தீப்பிடித்து, மாப்பிள்ளை உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். எனக்கு அப்போது ஆறு வயது. அப்பாவுக்கு அந்த மண்டபத்தில் வேலை இல்லை. ஆனாலும் அதற்கப்புறம் அவர் கீற்றுக்குள் ஒயர் இழுக்க மாட்டார். எவ்வளவு பணம் கொடுத்தாலும் சரி, "வேற ஆளப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவார். ஏன் என்று கேட்டால் அவருக்கு விளக்கத் தெரியாது. இப்படிப் பல ஆர்டர்கள் போயின.

இப்போது என் கதை. 2018 ஜனவரி, கடைசி செமஸ்டர் இன்டர்ன்ஷிப். ஒரு சிமென்ட் கம்பெனியின் டீலர்கள் குடும்பத்தோடு கூடுகிற விழா, மாவட்டத் தலைநகர் ஒன்றில் பெரிய மண்டபம், 1,100 பேர். நான் இருந்த ஈவென்ட் கம்பெனியில் எனக்குக் கொடுத்த வேலை வரவேற்பு மேசையில் பேட்ஜ் அடுக்குவது. அடுக்கி முடித்துவிட்டுச் சும்மா இருக்க முடியாமல், மேடைக்காரரிடம் டேப் வாங்கிக் கதவுகளை அளந்தேன். பிரதான கதவு ஒன்றரை மீட்டர். அதிலும் ஒரு பக்கத்துக்குத் தாழ்ப்பாள் போட்டிருந்தார்கள். பக்கவாட்டில் இரண்டு கதவுகள், ஒவ்வொன்றும் 1.2 மீட்டர். இரண்டிலும் சங்கிலி, பூட்டு.

பேட்ஜ் உறையின் பின்னால் கணக்குப் போட்டேன். இப்போது இருக்கிறபடி விட்டால் 1,100 பேர் வெளியேற கிட்டத்தட்ட 18 நிமிடம். பிரதான கதவை முழுதாகத் திறந்தால் 9. எல்லாவற்றையும் திறந்தால் மூன்றரை நிமிடம்கூட ஆகாது.

(விளையாட்டு அரங்கத்துக்கான கணக்கை மண்டபத்துக்குப் போடலாமா, நம் ஊர் விதிகள் வேறல்லவா என்று சண்டைக்கு வருகிறவர்களுக்கு: சரி, வேறுதான். எண்கள் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கட்டும். பூட்டு பூட்டுதான்.)

மண்டப மேனேஜரிடம் போனேன். உறையைக் காட்டி மீட்டர், நிமிடம் என்று ஆரம்பித்ததுமே அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏம்மா, முப்பது வருஷமா கல்யாணம் நடத்துறோம். நீ போய் பேட்ஜ் குடு." எங்கள் டீம் லீடரிடம் போனேன். "கிளையன்ட் முன்னாடி சீன் போடாதே" என்றார்.

பின்பக்கம் பாத்திரம் கழுவுகிற இடத்தில் நின்றுகொண்டு அப்பாவுக்குப் போன் போட்டேன். அழுகிற நிலைமை என்பதை ஒத்துக்கொள்கிறேன். அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "அவரு எதுக்குப் பூட்டுறாருன்னு கேட்டியா பாப்பா?"

கேட்கவில்லை.

திரும்பிப் போய்க் கேட்டேன். விஷயம் என்ன தெரியுமா? பக்கவாட்டுக் கதவு வழியாக வெளி ஆட்கள் பந்திக்குள் நுழைந்துவிடுகிறார்களாம். போன முகூர்த்தத்தில் நூறு இலை கூடுதலாகப் போய், பெண் வீட்டார் அவர் சட்டையைப் பிடிக்காத குறை. அவருக்கு வேண்டியது கதவில் ஒரு ஆள், அவ்வளவுதான். என்னோடு படித்த இரண்டு பையன்கள் பார்க்கிங்கில் சும்மா நின்றுகொண்டிருந்தார்கள். ஆளுக்கு ஒரு கதவு. "உள்ளேயிருந்து யார் வேணும்னாலும் வெளியே போகலாம், வெளியேயிருந்து பேட்ஜ் இல்லாமல் யாரும் வர முடியாது சார்" என்றேன். சாவியைக் கொடுத்துவிட்டார். பிரதான கதவின் தாழ்ப்பாளை அவரே எடுத்துவிட்டார், நான் கேட்கக்கூட இல்லை.

அன்றைக்குத் தீ பிடிக்கவில்லை. கரண்ட்கூடப் போகவில்லை. நிகழ்ச்சி முடிந்ததும் கிளையன்ட் சொன்ன ஒரே குறை, நான்கு மணி டீக்கு பிஸ்கட் பத்தவில்லை என்பது.

அப்பாவுக்குப் பயம் இருந்தது, எண் இல்லை. எனக்கு எண் கிடைத்தது, ஆனால் ஆளிடம் பேசத் தெரியவில்லை. எண் வந்தது கல்லூரியில்தான். கம்பெனியில் நேரடியாகச் சேர்ந்திருந்தால் அந்த டீம் லீடரிடம் தொழில் கற்றிருப்பேன். அவர் கதவைப் பார்த்ததே இல்லை. இப்போது நான் நடத்துகிற நிகழ்ச்சிகளில் ரன் ஷீட்டுக்கு (எந்த நேரத்தில் எது நடக்கும் என்ற பட்டியல்) முந்தைய பக்கம் கதவுகளின் வரைபடம். எது எவ்வளவு அகலம், சாவி யாரிடம், அவர் போன் நம்பர். எனக்குக் காய்ச்சல் வந்து படுத்தால் வேறு யாரும் அந்தக் கோப்பை எடுத்து நடத்தலாம். அப்பா தொழில் முழுக்க அவர் தலைக்குள் இருக்கிறது.

இதைச் சொல்லும்போது இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், கேள்விக்குச் சம்பந்தமில்லை. தங்கை என்கிறீர்கள், அதனால் சொல்கிறேன். நிகழ்ச்சி ராத்திரி பத்துக்கு முடியும். பத்து மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. ஆனால் எங்கள் வேலை அப்போதுதான் ஆரம்பிக்கும். எல்லாவற்றையும் பிரித்து லாரியில் ஏற்ற மூன்று மணி ஆகும். சென்னையில் நான் தங்கிய லேடீஸ் ஹாஸ்டல் ஒன்பதரைக்குக் கிரில் கேட்டைப் பூட்டிவிடும். எத்தனையோ நாள் லாரி கேபினில் விடியும்வரை உட்கார்ந்திருக்கிறேன். கம்பெனிக் கடிதம் கொடுத்தால், "பொண்ணுக்கு என்னம்மா இப்படி ஒரு படிப்பு" என்பார் வார்டன். அந்த கேட்டையும் அளந்திருக்கிறேன். முக்கால் மீட்டர். உள்ளே 120 பெண்கள். அகலம் போதும், ஒன்றரை ரெண்டு நிமிடத்தில் எல்லோரும் வந்துவிடலாம். சாவி மட்டும் மாடியில், தூங்குகிற வார்டனின் தலையணைக்கு அடியில். இதை நாலு தடவை எழுதிக் கொடுத்தும் ஒன்றும் நடக்கவில்லை. அங்கே மட்டும் எதற்குப் பூட்டுகிறார்கள் என்று கேட்டும் பயனில்லை.

பெரியப்பா? 2022இல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது, ரஷ்யாவில் நடக்க வேண்டியதை நாலரை மாதத்துக்குள் இங்கே நடத்திக் காட்டியதை டிவியில் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்தார். நான் அதில் வேலை பார்க்கவே இல்லை. "நிறைவு விழாவுக்கு ரெண்டு பாஸ் கிடைக்குமா?" என்றார்.

தங்கையைச் சேருங்கள். சேர்க்கும் முன் கல்லூரியில் ஒன்று கேளுங்கள்: மூன்று வருடத்தில் எத்தனை நாள் களத்தில் நிற்க வைப்பார்கள்? சிலபஸ் தாளை நீட்டினால் வேறு கல்லூரி பாருங்கள். நீங்கள் திருச்சிப் பக்கம் என்றால், சேருவதற்கு முன் ஒரு மாதம் அப்பாவிடம் கேபிள் சுருட்ட அனுப்புங்கள். தினம் பேட்டா கொடுப்பார். என் இன்டர்ன்ஷிப் கம்பெனி அதுகூடக் கொடுக்கவில்லை.