பொது என்றால் கேட்பாரற்றது என்று அர்த்தமா?

கேள்வி: தெருவிளக்கிலிருந்து கடல் மீன் வரை, பொதுவில் கிடக்கும் எதுவும் உருப்பட்டதில்லை. மேய்ச்சல் நிலம், காடு, நிலத்தடி நீர் எல்லாவற்றையும் பங்கு போட்டுத் தனியாருக்கு விற்றுவிட்டால், அவரவர் சொத்தை அவரவர் காப்பாற்றிக்கொள்வார்கள். பொருளாதாரமும் அதைத்தானே சொல்கிறது? நீங்கள் மட்டும் ஏன் 'பொது, பொது' என்றே எழுதுகிறீர்கள்?

பதில்: பொருளாதாரம் அப்படிச் சொல்லவில்லை. நீங்கள் சொல்வது பெரும்பாலும் காரெட் ஹார்டின் 1968-இல் 'சயன்ஸ்' இதழில் எழுதிய ஒரே ஒரு கட்டுரையின் சாயல். அவர் உயிரியல் அறிஞர். ஒரு பொது மேய்ச்சல் நிலத்தை நினைத்துப் பாருங்கள் என்றார். பத்துப் பேர் மாடு மேய்க்கிறார்கள். ஒருவர் கூடுதலாக ஒரு மாட்டை ஓட்டி வந்தால், பால் முழுக்க அவருக்கு. அது மேய்ந்து தீர்க்கும் புல்லின் நஷ்டமோ பத்துப் பேர் தலையிலும் விழுகிறது. ஆகவே ஒவ்வொருவரும் ஓட்டி வருவார்கள், நிலம் கட்டாந்தரையாகும்.

கணக்கில் பிழையில்லை. ஆனால் அந்தப் பத்துப் பேரையும் கொஞ்சம் கவனியுங்கள். ஒருவரோடொருவர் ஒரு வார்த்தை பேசுவதில்லை. யார் எத்தனை மாடு ஓட்டி வரலாம் என்று வரம்பு இல்லை. பதினோராவது ஆள் எங்கிருந்தோ வந்தாலும் ஏனென்று கேட்க நாதியில்லை. அதற்குப் பெயர் பொதுச் சொத்து அல்ல, கேட்பாரற்ற சொத்து. 'நிர்வகிக்கப்படாத' என்ற சொல்லை விட்டுவிட்டதே அந்தக் கட்டுரையின் பெரிய பிழை என்று 1998-இல் அதே இதழில் ஹார்டினே எழுதினார். கட்டுரையைப் படித்தவர்களில் எத்தனையோ பேருக்கு இந்தத் திருத்தம் போய்ச் சேரவேயில்லை. அதுதான் எனக்கு வருத்தம்.

சரி, நிஜமான மேய்ச்சல் நிலத்துக்கு வருவோம். சுவிட்சர்லாந்தின் டோர்பெல் என்ற மலைக் கிராமத்தில் 1517-இலேயே ஒரு விதி இருந்தது. குளிர்காலத்தில் சொந்தத் தீவனம் போட்டு எத்தனை மாடுகளைக் காப்பாற்ற முடியுமோ, கோடையில் அத்தனையை மட்டுமே பொது மலைக்கு அனுப்பலாம். மீறினால் அபராதம், அதில் பாதி, மீறியவரைப் பிடித்த ஊர் அதிகாரிக்கு. இப்படிப்பட்ட ஏற்பாடுகளைப் பல நாடுகளில் தேடித் தேடி ஆராய்ந்தவர் எலினார் ஆஸ்ட்ரம். 2009-இல் பொருளாதார நோபல் பெற்றார், அதைப் பெற்ற முதல் பெண். நீங்கள் கேட்கும் பொருளாதாரத்தில் அவரும் உண்டு.

தெருவிளக்கை இதில் சேர்த்ததும் தவறு. அதுவும் கலங்கரை விளக்கம் போலத்தான். கலங்கரை விளக்கத்தின் வெளிச்சத்தை ஒரு கப்பல் பார்ப்பதால் அடுத்த கப்பலுக்கு வெளிச்சம் குறைவதில்லை. அங்கே சிக்கல், யாரும் காசு கொடுக்க முன்வராதது. மீனோ ஒருவர் பிடித்தால் இன்னொருவருக்கு இல்லை. அங்கே சிக்கல், எல்லோரும் அள்ளுவது. முதலாவதற்குப் பெரும்பாலும் வரிதான் வழி. இரண்டாவதற்கு வரம்பும் கண்காணிப்பும் வேண்டும். இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டினால் மருந்து மாறிவிடும்.

வரம்பு நடைமுறையில் எப்படி இருக்கும் என்று பார்க்க அமெரிக்காவின் மேய்ன் மாநிலக் கடலுக்குப் போகலாம். சிங்கி இறால் பிடிப்பவர் கூண்டைத் தூக்கி, இறாலை எடுத்துப் புரட்டிப் பார்க்கிறார். வயிற்றடியில் முட்டைகள் ஒட்டியிருந்தால், வால் துடுப்பில் 'வி' வடிவில் ஒரு சின்ன வெட்டு வெட்டிக் கடலில் விட்டுவிடுகிறார். பல மாதம் கழித்து அதே இறால் இன்னொருவர் கூண்டில் சிக்குகிறது. இப்போது முட்டை இல்லை, வெட்டு மட்டும் இருக்கிறது. அவரும் விட்டுவிட வேண்டும். முன்பின் பார்த்திராத ஒருவர் போட்ட அடையாளத்தை நடுக்கடலில் இவர் மதிக்கிறார். சட்டமும் அதையே சொல்கிறது, ஆனால் ஒவ்வொரு படகிலும் அதிகாரி நிற்க முடியாது அல்லவா? அப்புறம், வேற்றாள் வந்து கூண்டு போட்டால் முதலில் அவருடைய மிதவையில் ஒரு முடிச்சைப் போட்டு எச்சரிப்பார்கள். கேட்காவிட்டால் கயிறு அறுபடும். அதைச் சட்டம் ஏற்பதில்லை, நானும் ஏற்கவில்லை. ஆனால் அந்தக் கடலைக் கேட்பாரற்றது என்று சொல்ல முடியாது.

அரசு கையில் எடுத்தால் மட்டும் சரியாகிவிடுமா என்றால், அதுவும் இல்லை. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் காட் மீன் நூற்றாண்டுகளாகச் சோறு போட்டது. வெளிநாட்டுக் கப்பல்கள் வந்து வாரிக் குவித்தன. 1977-இல் கனடா 200 கடல் மைல் வரை தன் அதிகாரத்துக்குள் கொண்டுவந்தது. அதன் பிறகும் இருப்பைக் கூடுதலாக மதிப்பிட்டு, பிடிக்கும் அளவையும் கூடுதலாகவே வைத்தார்கள். கரையோரமாகப் பிடித்த சிறு மீனவர்கள் மீன் குறைகிறது, சிறுக்கிறது என்று சொன்னது எடுபடவில்லை. 1992 ஜூலையில் மீன்பிடிப்பே நிறுத்தப்பட்டது. சுமார் 30,000 பேருக்கு வேலை போனது. தடை முழுதாக விலகியது 2024-இல்தான்.

உங்கள் தனியார் வழிக்கும் வருகிறேன். வேலி போட முடிகிற வயலுக்கு அது பொருந்தும், மறுக்கவில்லை. ஆனால் சொந்தக்காரன் காப்பாற்றியே தீருவான் என்பது நிச்சயமில்லை. கனடா நாட்டுக் கணிதவியலாளர் காலின் கிளார்க் 1973-இல் திமிங்கிலங்களை வைத்து இதைக் கணக்காகவே போட்டார். திமிங்கிலம் மெதுவாகப் பெருகும் உயிர். அது பெருகும் வேகத்தைவிட வட்டி வேகமாக வளருமானால், கடல் முழுக்க ஒரே ஆளுக்குச் சொந்தமாக இருந்தாலும், இருப்பதையெல்லாம் பிடித்து விற்றுப் பணத்தை வட்டிக்குப் போடுவதே அவருக்கு லாபமாகலாம். மெதுவாக வளரும் காட்டுக்கும் இதே கணக்குதான்.

நிலத்தடி நீரையும் விற்கச் சொல்கிறீர்கள். பக்கத்துப் பக்கத்துக் கிணறுகளுக்கு நடுவே, பூமிக்கடியில் எங்கே வேலி போடுவீர்கள்? ஆஸ்ட்ரம் தன் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ந்தது இதைத்தான். லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் ஆளாளுக்கு இறைத்ததில் கடல்நீர் உள்ளே புகுந்து கரையோரக் கிணறுகள் உப்பாயின. இறைப்பவர்கள் சங்கம் கூடினார்கள், நீதிமன்றம் போனார்கள், பல ஆண்டுகள் பேசி எல்லோரும் அளவைக் குறைக்க ஒப்புக்கொண்டார்கள். நீங்கள் சொல்வதுபோல் பங்கும் போட்டார்கள், பங்கை விற்கவும் வழி வைத்தார்கள். ஆனால் மொத்தம் எவ்வளவு இறைக்கலாம் என்பது தனி ஒருவரின் முடிவாக இல்லை. மீட்டரைப் பார்த்துக் கணக்கெடுக்கப் பொதுவில் ஓர் ஆளை வைத்தார்கள். யார் எவ்வளவு இறைத்தார் என்ற அவருடைய அறிக்கை ஆண்டுதோறும் எல்லோர் கைக்கும் போனது.