பாட்டிக்காகவே வாங்கலாம்

கேள்வி: அனுஜா சௌஹானின் ‘தி ஜோயா ஃபேக்டர்’ நாவலை என் அக்கா கொடுத்தாள். இரண்டே நாளில் முடித்துவிட்டேன். அவருடைய இரண்டாவது நாவல் ‘பேட்டில் ஃபார் பிட்டோரா’வைக் காசு கொடுத்து வாங்கலாமா? சிக் லிட் (இளம் பெண்களின் காதலையும் வாழ்க்கையையும் கலகலப்பாகச் சொல்லும் நாவல்) எழுதுகிறவர்களின் இரண்டாவது புத்தகம் முதல் புத்தகத்தின் நகலாகத்தான் இருக்கும் என்கிறாள் அக்கா. எனக்கு அரசியலும் அவ்வளவாகப் பிடிக்காது.
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: வாங்குங்கள். இரவல் வாங்கினால் திருப்பிக் கொடுக்க மனம் வராது.

உங்கள் அக்கா பயப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. கடன் அட்டையைத் தேய்த்துத் தேய்த்துக் கடைகளிலேயே வாழ்கிற பெக்கி என்ற பெண்ணை வைத்து சோஃபி கின்செல்லா பெயர் வாங்கினார். 2001இல் அடுத்த புத்தகம் வந்தபோது அதே பெக்கியை நியூயார்க்குக்கு அனுப்பிவைத்தார். ஓடிய குதிரையை இன்னொரு முறை ஓட்டுவது இந்த வகை எழுத்தில் வழக்கம்தான்.

அனுஜாவும் அதைச் செய்திருக்கலாம். 1983இல் இந்தியா உலகக் கோப்பையை வென்ற நேரத்தில் பிறந்த ஜோயா, அவளை அதிர்ஷ்டம் என்று கொண்டாடும் அணி, அதிர்ஷ்டத்தையே நம்பாத கேப்டன் நிகில் கோடா. 2008இல் வந்த அந்த நாவலுக்கு இருந்த வரவேற்புக்கு, ஜோயாவை இன்னொரு கிரிக்கெட் தொடருக்கு அனுப்பினால் யாரும் கோபித்திருக்க மாட்டார்கள். ஆனால் 2010இல் அவர் எழுதியது வேறொரு பெண்ணை, வேறொரு உலகத்தை.

மும்பையில் அனிமேஷன் ஸ்டுடியோ ஒன்றில் வேலை பார்க்கும் 25 வயது ஜின்னி, தன் பாட்டுக்குச் சந்தோஷமாக இருக்கிறாள். ஒரு நாள் பாட்டி வந்து நிற்கிறார். வேலையைப் போட்டுவிட்டு ஊருக்கு வா, மக்களவைத் தேர்தலில் நில், அது உன் கடமை என்கிறார். பவித் பிரதேஷ் என்ற கற்பனை மாநிலத்தில் பிட்டோரா என்ற தூங்குமூஞ்சித் தொகுதி. முடியவே முடியாது என்று சொன்ன பெண், கொஞ்ச நாளில் பருத்திப் புடவையும் தொளதொள ரவிக்கையுமாக சரோஜினி பாண்டே என்ற பெயரில் ஓட்டுக் கேட்கிறாள். எதிரில் நிற்பவன் அந்த ஊரின் பழைய ராஜ குடும்பத்து ஸெயின். இருவருக்கும் நடுவே ஒரு பழைய கணக்கும் இருக்கிறது. மீதியை நான் சொல்லக் கூடாது.

அரசியல் பிடிக்காது என்கிறீர்கள். இதில் கொள்கை விளக்கம் கிடையாது. வெயில், வேர்க்குரு, கைமாறும் பணம், கூடவே இருந்து குழி பறிக்கிறவர்கள் இதெல்லாம்தான் இருக்கிறது. முக்கியமாக, ஒரு பெண் வேட்பாளராக நின்றால் எதிராளிகள் முதலில் கையில் எடுப்பது அவளுடைய நடத்தையைத்தான் என்பதை அனுஜா மறைக்காமல் எழுதியிருக்கிறார். சிரித்துக்கொண்டே படித்து வந்த நான் அந்த இடத்தில் நின்றுவிட்டேன்.

அது எவ்வளவு உண்மை என்பது பிறகுதான் தெரிந்தது. என் பெரியம்மா 2011 உள்ளாட்சித் தேர்தலில் திருநெல்வேலிப் பக்கம் ஒரு சிறிய ஊரில் பஞ்சாயத்துத் தலைவர் பதவிக்கு நின்றார். பூட்டு சாவி சின்னம். பெரிய திண்டுக்கல் பூட்டு ஒன்றைக் கையில் தூக்கிக்கொண்டு பன்னிரண்டு நாள் தெருத்தெருவாக நடந்தார், கூடவே நானும். அக்டோபரிலும் வெயில் தணியாத ஊர். எந்த வீட்டில் டீ கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லக் கூடாது. முதல் வீட்டில் குடித்துவிட்டு மூன்றாவது வீட்டில் மறுத்தால் அந்தத் தெரு ஓட்டே போச்சு. மூன்றாம் நாளே, புருஷன் இல்லாதவளுக்கு ராத்திரியில் ஆம்பளைகளோடு என்ன கூட்டம் என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். பெரியம்மா வாயே திறக்காமல் மறுநாள் அதே தெருவுக்கு முதலில் போனார். 43 ஓட்டில் தோற்றார். அந்தப் பன்னிரண்டு நாளும் எனக்கு இந்த நாவல்தான் நினைவில் ஓடிக்கொண்டிருந்தது. தேர்தலைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர் எழுதிய புத்தகம் என்று அப்போது உறுதியாகத் தெரிந்தது.

அனுஜா பார்த்தவர்தான். அவருடைய மாமியார் மார்கரெட் ஆல்வா, காங்கிரஸில் பல காலம் இருந்தவர், மத்திய அமைச்சராகவும் ஆளுநராகவும் இருந்தவர். மார்கரெட்டின் மாமியார் வயலட் ஆல்வா 1960களில் மாநிலங்களவைத் துணைத் தலைவராக இருந்தார். இப்படி ஒரு வீட்டுக்கு மருமகளாகப் போனவருக்குப் பிரசாரத்தின் வாடை புத்தகத்தில் படித்துத் தெரிய வேண்டியதில்லை. வசனத்தின் சுருக்கு விளம்பரத் துறையிலிருந்து வந்தது. ஜே.டபிள்யூ.டி. நிறுவனத்தில் 17 ஆண்டுகள் இருந்தவர். பெப்சிக்கு ‘யே தில் மாங்கே மோர்’ என்ற விளம்பர வாசகத்தை எழுதியவர். நீளமான வாக்கியம் எழுதினாலும் கடைசிச் சொல்லில் ஒரு சொடுக்கு வைத்துவிடுகிறார்.

குறையையும் சொல்ல வேண்டும். காதல் பகுதி ஜோயா அளவுக்கு இல்லை. ஜோயாவில் காதலும் சண்டையும் ஒரே முடிச்சு. அதிர்ஷ்டமா உழைப்பா என்ற கேள்வியை எடுத்துவிட்டால் அந்தக் காதலே இல்லை. இதில் ஜின்னியும் ஸெயினும் சேர்ந்து வரும் சில பக்கங்களில் தேர்தல் வெளியே காத்துக்கொண்டு நிற்கிறது. நான் அந்தப் பக்கங்களை வேகமாகத் தள்ளினேன். எப்போதடா பாட்டி திரும்ப வருவார் என்றிருந்தது.

பாட்டிதான் இந்தப் புத்தகத்தின் உயிர். அதிகாரமும் தந்திரமும் பாசமும் ஒரே ஆளிடம் இருக்கும்போது எதை நம்புவது என்று பேத்திக்கும் தெரியவில்லை, நமக்கும் தெரியவில்லை. பெரியம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. தேர்தல் முடிந்த அடுத்த வாரம், பூ கட்டிக்கொண்டிருந்தவரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். காதல் கதையை “ம்” கொட்டிக் கேட்டார். முடித்ததும் ஒன்றுதான் கேட்டார்: “அந்த ஆச்சி ஏன் தானே நிக்கல?” அந்தக் கேள்வியோடு புத்தகத்தை மறுபடி ஒருமுறை படித்தேன். இரண்டாவது தடவை இன்னும் நன்றாக இருந்தது.

கேள்வி: அனுஜா சௌஹான் பக்கத்துக்குப் பத்து ஹிந்திச் சொல் போடுவார் என்கிறார்களே. ஹிந்தி தெரியாதவர்கள் படிக்க முடியுமா?
– ஒரு வாசகர், விருதுநகர்

பதில்: படிக்கலாம். பிட்டோரா ஹிந்தி பேசும் ஊர் என்பதால் ஜோயாவைவிட இதில் கொஞ்சம் தூக்கலாகவே இருக்கிறது. நான் ஹிந்தி பிரசார சபைத் தேர்வில் மத்யமாவோடு நிறுத்தியவள். கதை எங்கேயும் புரியாமல் போகவில்லை, சில வசவுகள்தான் புரியவில்லை. பக்கத்து வீட்டில் ஜெய்ப்பூர்க்காரப் பெண் இருந்தார், அவரிடம் கேட்டேன். இரண்டு வசவுகளுக்கு அர்த்தம் சொல்ல அவர் கடைசி வரை மறுத்துவிட்டார். எதற்கும் கடையில் நின்றபடியே ஏதாவது நான்கு பக்கம் படித்துப் பாருங்கள். தடுக்கவில்லை என்றால் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: துல்கர் சல்மான் நடித்த ‘தி ஜோயா ஃபேக்டர்’ படத்தைப் பார்த்துவிட்டேன். இனி ஜோயா புத்தகம் தேவையா, நேரே பிட்டோராவுக்குப் போகலாமா?
– ஒரு வாசகி, கோவை

பதில்: நேரே போகலாம், இரண்டுக்கும் தொடர்ச்சி கிடையாது. ஆனால் 2019இல் வந்த படத்தை வைத்து ஜோயா புத்தகத்தை எடை போடாதீர்கள். அவள் தனக்குள் பேசிக்கொள்வதில்தான் பாதிச் சுவையும் இருக்கிறது, திரையில் அது வரவில்லை. பிட்டோரா பிடித்துவிட்டால் அடுத்து ‘தோஸ் ப்ரைஸி டாக்குர் கேர்ள்ஸ்’ எடுங்கள். 1980களின் டெல்லி, ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர், ஆங்கில அகரவரிசையில் பெயர் வைத்த ஐந்து மகள்கள். நாலாவது மகள் தொலைக்காட்சியில் செய்தி வாசிக்கிறாள். ஷோபனா ரவி செய்தி வாசித்த காலத்தில் வீட்டில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு அது தனியாகப் பிடிக்கும்.